கழுத்துக்குத் தடவிய எண்ணெய்

எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவருக்கு எண்ணெய்மேல் அபார நம்பிக்கை. கதவுக் கீல் கத்தினால் எண்ணெய், முழங்கால் வலித்தால் எண்ணெய், கூட்டத்தில் இரண்டு உறுப்பினர்கள் முறைத்துக்கொண்டால் அவர்களுக்கு வார்த்தையில் எண்ணெய். ரிக் வண்டி வைத்து மாநிலம் மாநிலமாக ஆழ்துளைக் கிணறு போட்டு முன்னுக்கு வந்தவர். ஆயிரம் அடி இரும்பைப் பூமிக்குள் இறக்கித் திரும்ப எடுத்தவருக்கு, சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பற்றி அடுத்தவர் சொல்லித் தர என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

சங்கத்தின் சுடுதளம் எருமப்பட்டிக்குப் போகும் வழியில், வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக்குள் இருக்கிறது. முந்நூறு மீட்டர் தூரமும் பின்னால் பாறைச் சுவரும் இயற்கையாகவே அமைந்துவிட்டதால், உரிமம் கிடைப்பது எளிதாக இருந்ததாம். உறுப்பினர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்கள், ரிக்காரர்கள், மிச்சம் டாக்டர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைக் கார்களில் வந்து இறங்குவார்கள். நாலு ரவுண்டு சுடுவார்கள், நாற்பது போட்டோ எடுப்பார்கள், பதினோரு மணிக்குக் கறிச் சோற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். இலக்கு அட்டையில் ஓட்டை எங்கே விழுந்தது என்று நடந்துபோய்ப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு எவ்வளவு என்று நாள் முழுக்க நிறுத்துப் பார்ப்பது என் பிழைப்பு. கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு பத்து வருடம் துப்பாக்கியைத் தொடவில்லை. சங்கம் ஆரம்பித்தபோது, பெண்கள் பிரிவு என்று ஒன்று காட்ட வேண்டுமே என்று ஆள் தேடினார்கள். அந்தப் பிரிவு நான்தான். நான் மட்டும்தான்.

முந்நூறு மீட்டர் போட்டிக்கு உள்ளூரில் கிடைக்கும் தோட்டா சரிப்படாது. வெளிநாட்டுத் தோட்டா வந்து சேர வருடக்கணக்கில் ஆகிறது. அதனால் சுட்ட கூடுகளைத் திரும்ப நிரப்பிக்கொள்ள சங்கத்தின் பெயரில் அனுமதி வாங்கினார்கள். பெட்டி பெட்டியாக இயந்திரம் வந்து இறங்கியது. தலைவர் அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தானே முதல் கூட்டை உள்ளே தள்ளினார். அது அச்சுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். கூட்டின் அடிவிளிம்பு கிழிந்து கையோடு வந்ததே தவிர கூடு வரவில்லை. அன்றைக்குக் கூடியிருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அந்த மேஜை என்னிடம் வந்து சேர்ந்தது. "பொம்பளக் கைதான் இதுக்கெல்லாம் சரி, அம்மிணி. நிறுத்துப் போடுறது உங்களுக்குப் பழக்கந்தானே" என்றார் தலைவர். சமையலறையைக் கையில் கொடுப்பது மாதிரி கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

சுட்ட கூடு வெளியே வரும்போது அதன் கழுத்து கொஞ்சம் விரிந்து, உள்ளே கரி படிந்திருக்கும். அதை அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். திரும்ப இழுக்கும்போது அச்சின் நடுவில் இருக்கும் ஓர் உருண்டை கழுத்துக்குள் உரசிக்கொண்டு வெளியே வரும். கழுத்து வறண்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு கிறீச் சத்தம் கேட்கும். கத்தும்போதெல்லாம் கழுத்து ஒரு மயிரிழை நீள்கிறது, கோணுகிறது என்று அர்த்தம். கோணல் கழுத்தில் உட்கார்ந்த குண்டு முந்நூறு மீட்டர் தாண்டி எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. அதனால் கரியைத் தேய்த்து எடுத்துவிட்டு, பென்சில் முனையில் இருக்குமே அந்தக் கிராபைட், அதன் தூளை ஒரு சின்னப் பிரஷில் தொட்டுக் கழுத்துக்குள் ஒரு சுற்று சுற்றினால் போதும். ஈரமில்லாத வழுக்கல். அதற்குப் பிறகு சத்தமே வராது. கூட்டின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் ஒரு பிசுக்குத் தடவ வேண்டும். வேலை முடிந்ததும் அதையும் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தலைவர் அச்சில் சிக்கவைத்தது ஒன்றும் தடவாமல் தள்ளியதால்.

இதைச் சொன்னதும் அவர் கண்ணில் ஓர் ஒளி வந்தது. அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஓமியோபதி மருந்துக் குப்பி ஒன்றில் பழுப்பாக ஏதோ கொண்டுவந்தார். விளக்கெண்ணெயில் வண்டி கிரீஸையும் இன்னும் ஏதோ ஒன்றையும் கலந்து காய்ச்சினாராம். மூன்றாவது சாமான் என்னவென்று சொல்ல மாட்டார், அது தொழில் ரகசியம். கூட்டின் உள்ளும் புறமும் அதைத் தாராளமாகப் பூசி அச்சுக்குள் தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது. கைப்பிடியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டி, சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் கிராபைட் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

கழுத்துக்குள் எண்ணெய் தங்கினால் அதன் வழியாகத்தானே வெடிமருந்து கொட்ட வேண்டும், மருந்து நனைந்தால் சரியாகப் பற்றாது, கழுத்துக்கு கிராபைட் மாதிரிக் காய்ந்த தூள்தான் தடவ வேண்டும் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர் என்னிடம் கோபப்பட்டதே கிடையாது. அந்த அளவுக்குக்கூட என்னைப் பொருட்படுத்தியதில்லை.

"அம்மிணி, நான் முப்பது வருசமா பூமிக்குள்ள ராடு இறக்கிட்டிருக்கறேன். எண்ணெயினால கெட்டுப்போன காரியத்த நான் பார்த்ததில்லை" என்றார். டாக்டர் ஒருவர் அதற்குச் சிரித்தார். அந்த டாக்டர் தன் துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே வேறொருவரை வைத்திருக்கிறவர்.

அந்த இடத்தில் எனக்குத் துணையாகப் பேசியிருக்கக்கூடியவர் ஒருவர்தான். ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுடுதளத்துக்கு அவர்தான் பொறுப்பு, எல்லாருக்கும் ஏட்டய்யா. அதிகம் பேச மாட்டார். கட்டளை மட்டும் கணீரென்று வரும். அன்றைக்கு அவர் தளத்தின் அந்தக் கோடியில் இலக்கு மாட்டிக்கொண்டிருந்தார். நானும் பிறகு அவரிடம் போய்ச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு எத்தனையோ காரணம் வைத்திருந்தேன். எதுவும் சரியான காரணம் இல்லை.

தலைவர் எண்ணெய் பூசி வைத்த கூடுகளை என்ன செய்தேன் என்றால், அவர் போன பிறகு கழுவினேன். வெந்நீரும் சோப்பும் போட்டு அலசி, வெயிலில் ஒரு தட்டில் பரப்பிக் காயவைத்து, கழுத்து ஒவ்வொன்றையும் பஞ்சால் துடைத்து, அதற்கப்புறம்தான் மருந்து நிரப்பினேன். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. தோட்டாக்கள் நன்றாகச் சுட்டன. தலைவரின் குழுக்கள் என்று சொல்வோம், அதாவது இலக்கில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது, அவர் வாழ்நாளில் காணாத அளவுக்குச் சுருங்கின. பெருமை முழுவதும் குப்பிக்குப் போய்ச் சேர்ந்தது.

மேட்டூரிலிருந்து ஒரு கூட்டம் சுடுதளத்தைப் பார்க்க வந்தபோது, தலைவர் அந்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். பித்தளையின் குணம், கழுத்தின் இழுவிசை என்று எங்கேயோ வீடியோவில் கேட்டதையெல்லாம் எடுத்து விட்டார். பாதி வார்த்தைகளைத் தப்பாகச் சொன்னார். வந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "நம்ம அம்மிணிக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப நல்லாவே துடைக்குது" என்றார். நான் அப்போது எல்லாருக்கும் டீ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, "அந்தாளு அப்படித்தான்னு தெரியுமில்ல, விடு" என்றார். விட்டுவிடலாம். அந்த ஆளை அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்ப்பதில்லை.

ஒரு மனிதரை இகழ்வதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் அதை நன்றாகவே அனுபவித்தேன். அவர் கால்சட்டைப் பட்டி, அவர் தொப்பியில் இருந்த வெளிநாட்டுச் சங்கத்து முத்திரை, சுடுவதற்கு முன் அவர் மூச்சை இழுத்துக் கண்ணை மூடும் பாவனை, ஒவ்வொன்றையும் மனதுக்குள் பிரித்துப் போட்டுச் சிரிப்பேன். ஆய்வகத்தில் அழுகிய தீவன மாதிரி வந்தால் முகர்ந்து பார்த்து ஒதுக்குகிறோமே, அப்படி. அவரைவிட நான் மேல் என்பதற்கு எனக்கு வாரா வாரம் சான்று கிடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த போட்டிக்கு அறுபது தோட்டா வேண்டும் என்றார். அவருக்கு இருபது, விருந்தாளிகளுக்கு நாற்பது. விருந்தாளிகளின் கூடுகளை நான் என் முறையில், கிராபைட் போட்டுத் தயார் செய்தேன். அவருடைய இருபதை அவரே எண்ணெய் பூசி, அச்சில் இழுத்து, வரிசையாக நிறுத்திவைத்து, "மருந்த மட்டும் போட்டுருங்க அம்மிணி, வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேற ஒண்ணும் பண்ணவில்லை. கழுவவில்லை, துடைக்கவில்லை. கழுத்துக்குள் எண்ணெய் பளபளத்தது கண்ணுக்குத் தெரிந்தது. மருந்து கொட்டும்போது மணி மணியாக அங்கேயே ஒட்டிக்கொண்டதும் தெரிந்தது. குண்டை உட்காரவைத்து மூடினேன். பெட்டியின் மேல் அவர் பெயரை எழுதினேன், என் கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. தோட்டா மந்தமாகும், குண்டு கீழே கீழே விழும், வந்தவர்கள் முன்னால் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். அவ்வளவுதான் என் திட்டம். திருச்செங்கோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம். தோட்டாக்கள் போட்டி நாள் வரைக்கும் மூன்று வாரம் சுடுதளத்துத் தகரக் கொட்டகைச் சூட்டில் இருந்தன. எண்ணெய் அடியில் இறங்கி, நெருப்புப் பற்றவைக்கும் கேப் வரைக்கும் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியது என் தொழில்.

போட்டியன்று காலை எட்டரைக்குத் தலைவர் முதலில் படுத்தார். அவர்தான் எப்போதும் முதல். ஏட்டய்யா அவருக்கு வலப்பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் தொலைநோக்கி வைத்து மதிப்பெண் சொல்ல இருந்தேன். முதல் குண்டு ஏழாம் வளையத்தில் விழுந்தது. இரண்டாவது இலக்குக்கு ஒரு முழம் கீழே மண்ணைக் கிளப்பியது. பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். நான் சத்தமாக, தேவைக்கு மேல் சத்தமாக, "அட்டையில இல்லீங்க" என்றேன்.

மூன்றாவதுக்கு விசையை இழுத்தார். டிக் என்று கேப்பைத் தட்டும் ஊசி விழுந்த சத்தம் மட்டும் வந்தது. வேறொன்றும் இல்லை.

அப்படி ஆனால் அரை நிமிடம் கையை எடுக்கக் கூடாது, குழலைத் திருப்பக் கூடாது, அறையைத் திறக்கவே கூடாது. சங்கத்தில் சேர்ந்த முதல் நாள் ஏட்டய்யா எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சொல்லித் தருகிற பாடம் அது. தலைவர் அந்தப் பாடத்துக்கு வந்ததில்லை. அவருக்கு விதிவிலக்கு. அவர் கை பழக்கத்தில் அறையைத் திறக்கும் பிடிக்குப் போனது. ஏட்டய்யா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்துக் கீழே தரையோடு அழுத்தினார். ஒன்று, இரண்டு என்று எண்ணியிருந்தால் மூன்று வந்திருக்காது, அதற்குள் துப்பாக்கி வெடித்தது.

தாங்கிப் பிடிக்காத துப்பாக்கி எகிறி, அதன் மேல் பொருத்தியிருந்த தொலைநோக்கியின் விளிம்பு தலைவரின் புருவத்துக்கு மேல் வெட்டியது. குண்டு பாறையில் மேலே எங்கேயோ பட்டுக் கல்லைப் பெயர்த்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார். ரத்தம் மூக்கோரமாக இறங்கியது. கொஞ்சம்தான், ஒரு தையல் போட்டால் சரியாகிற காயம். ஆனால் அவர் கை ஒரு கணம் முந்தியிருந்தால், அடைப்பு திறந்த நேரத்தில் அது வெடித்திருந்தால், பித்தளையும் இரும்பும் அவர் முகத்துக்குத்தான் வந்திருக்கும். பக்கத்தில் குனிந்திருந்த ஏட்டய்யாவின் முகத்துக்கும். இது அங்கே இருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் புரிந்தது. மற்றவர்கள் துண்டு தேடி ஓடினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

நான் தொலைநோக்கியைப் பிடித்தபடியே நின்றேன். அப்போதும் மனதின் ஒரு மூலையில், உனக்கு வேணும் என்று ஒரு குரல் இருந்தது. அதைச் சொல்லாமல் இதை எழுதிப் பயனில்லை.

ஏட்டய்யா போட்டியை நிறுத்தினார். மிச்சமிருந்த பதினேழு தோட்டாவையும் கொட்டகைக்கு எடுத்துவந்து, என்னை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்ற ஆரம்பித்தார். கூட்டைக் கவிழ்த்தால் மருந்து கொட்டவில்லை. தட்டினால் கருப்பட்டித் தூள் மாதிரி கட்டியாக விழுந்தது. மூன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினார். விருந்தாளிகளின் பெட்டியில் ஒன்றைக் கழற்றினார். மணல் மாதிரி உதிர்ந்தது. இரண்டையும் அருகருகே வெள்ளைத் தாளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது தெரியாமப் பண்ணுனதா, சாமி?"

இல்லை என்றேன். முதலில் கழுவிக்கொண்டிருந்தேன், இந்த முறை கழுவவில்லை, அவர் அவமானப்படட்டும் என்று விட்டேன் என்று முழுவதையும் சொன்னேன். அவர் தாளை மடித்து இரண்டு குவியலையும் ஒன்றாக்கிவிட்டு எழுந்தார்.

"அந்தாளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அதுவரை என்னை அவர் ஒருமுறைகூட 'உங்களுக்கு' என்று சொன்னதில்லை. மகள் வயது என்பதால் வா, போ, சாமி, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். கொங்குச் சீமையில் மரியாதையும் அடிதான், அதை வாங்கியவர்களுக்குத் தெரியும்.

மதியம் தலைவர் நெற்றியில் பிளாஸ்டரோடு வந்து கூட்டத்தைக் கூட்டினார். கேப் மட்டமான சரக்கு என்று ஆரம்பித்தார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். கேப் விற்றவனுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதுவதாகத் தீர்மானம் ஆகப்போன நேரத்தில் நான் எழுந்து, கேப்பின் மேல் குற்றமில்லை, கழுத்துக்குள் எண்ணெய் இருந்தது, மருந்து கெடும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே நிரப்பினேன் என்றேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

தலைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவர் முகம் கனிந்தது. அது நான் எதிர்பார்த்த எதையும்விட மோசமாக இருந்தது.

"துடைக்க மறந்துட்டீங்க, அவ்வளவுதானே. பொம்பளைங்களுக்கு ஊட்டு வேலை, ஆபீஸ் வேலைன்னு ஆயிரம் இருக்கு. நாம ஒண்ணும் தப்பா எடுத்துக்கல, அம்மிணி."

மறக்கவில்லை என்று சொன்னேன். அவர் கையை உயர்த்தி, அதுதான் மன்னித்தாயிற்றே என்பது மாதிரி சிரித்தார். டாக்டர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று ஒரு மனுஷி நின்று சொல்கிறாள், அதைப் புரிந்துகொள்ள ஒருவராலும் முடியவில்லை. என்னால் வேண்டுமென்றே ஒன்றைச் செய்ய முடியும் என்பதே அவர்கள் கணக்கில் இல்லை. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நான் யாரை அதிகமாக வெறுத்தேன் என்று கேட்டால், பட்டியலில் என் பெயரும் மேலேதான் இருந்தது.

ஏட்டய்யா கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தோட்டா நிரப்பும் வேலையை நிறுத்தும்படி எழுதிக் கொடுத்தார். தொடர்ந்தால் தான் விலகுவதாகவும் அதில் எழுதியிருந்தார். அவர் இல்லாவிட்டால் சுடுதளத்தின் உரிமம் போய்விடும், அதனால் தலைவர் கையெழுத்துப் போட்டார். இயந்திரத்தைப் பெட்டியில் திரும்பப் போட்டுக் கட்டினார்கள். என்னை யாரும் நீக்கவில்லை. நானும் விலகவில்லை. வெளிநாட்டுத் தோட்டாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அது வரும்வரை ஐம்பது மீட்டரில் சின்னத் துப்பாக்கி சுடுகிறேன். ஏட்டய்யா "சுடலாங்க" என்கிறார், "நிறுத்துங்க" என்கிறார். அதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை. இரண்டு தீபாவளி போய்விட்டது. ஒருமுறை அவர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினேன். டப்பாவைக் கழுவி, காலியாக, அதே நாள் திருப்பி அனுப்பிவிட்டார்.

தலைவரின் புருவத்தில் இப்போது ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. புது உறுப்பினர்களிடம் அது கரடிக் கதை மாதிரி வளர்ந்துகொண்டே போகிறது. போன மாதம் கேட்டபோது அதில் அவர்தான் ஏட்டய்யாவின் கையைத் தட்டிவிட்டுக் காப்பாற்றியிருந்தார்.

அதே நாள் அவர் என்னைத் தனியாக அழைத்து, ஏட்டய்யாவுக்கு வயசாகிவிட்டது, அவர் ஓய்ந்ததும் இயந்திரத்தை மறுபடி வெளியே எடுக்கலாம், எண்ணெயில் மூன்றாவது சாமானை மாற்றியிருக்கிறேன், நீங்கள்தான் நிரப்பித் தர வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்.

"உங்க மேல எனக்கு மரியாதை இல்லீங்க. மரியாதை இல்லாத ஆளுக்கு நான் தோட்டா நிரப்பக் கூடாது. ஒருக்கா நிரப்பிப் பார்த்தாச்சு" என்றேன்.

அவர் சிரித்து, என் தோளில் தட்டி, "அம்மிணிக்கு எப்பவும் தமாசு" என்று சொல்லிவிட்டு, காரில் வந்து இறங்கிய ஒரு டாக்டரை வரவேற்கப் போய்விட்டார்.